வாக்கெடுப்பு முறைப்படிதான் நடந்தது. ஆனால் பங்கீடு நியாயமா?

வாசகர் கேள்வி: எங்கள் உற்பத்தியாளர் கூட்டுறவில் 30 உறுப்பினர்கள். காப்பு நிதிக்கு எடுத்தது போக இந்த ஆண்டு உபரி மிஞ்சியது. அதை எப்படிப் பிரிப்பது என்று துணைவிதியில் ஒரு வரிகூட இல்லை. பொதுக்குழுவில் மூன்று யோசனைகள் வந்தன: ஆளுக்குச் சமமாக, கொடுத்த சரக்கின் அளவுப்படி, உறுப்பினராக இருந்த ஆண்டுகளின்படி. தலைவர் முதலில் சமப்பங்கையும் சரக்களவையும் வாக்குக்கு விட்டார். சரக்களவு 18–12 என்று வென்றது. பிறகு சரக்களவையும் ஆண்டுக்கணக்கையும் விட்டார். ஆண்டுக்கணக்கு 20–10 என்று வென்றது. தீர்மானம் எழுதியாயிற்று, கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை), கையெழுத்து எல்லாம் சரி. மறுநாளே ‘ஆண்டுக்கணக்குக்குச் சமப்பங்கே மேல்’ என்று 22 பேர் கையெழுத்திட்ட மனு வந்து நிற்கிறது. தலைவர் ஆரம்பகால உறுப்பினர், அதனால் சூழ்ச்சி என்கிறார்கள். நான் செயலாளர். முறை சரியாக நடந்தால் முடிவும் நியாயம்தானே? இன்னொன்று: மூன்று பணிக்கூடங்களுக்குப் போகும் பொதுக் குழாய்ப் பாதையின் செலவைத் தலா ஒரு பங்கு என்று வைத்தோம். அருகில் இருப்பவர் தர மறுக்கிறார். அவர் செய்வது சரியா? (உபரியை 600 அலகு என்று வைத்து, யாருக்கு எந்த விதியில் எவ்வளவு வரும் என்ற கணக்கை இணைத்திருக்கிறேன்.)

ஆலோசகர் பதில்:

சூழ்ச்சி என்ற பேச்சை ஓரமாக வைத்துவிடுங்கள். தலைவர் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்தாலும் கணக்கு மாறப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய எண்களிலேயே விடை இருக்கிறது.

உங்கள் 30 பேரும் மூன்று அணியாகப் பிரிகிறார்கள். முதல் அணி, 12 சிறு உற்பத்தியாளர்கள்: ஒவ்வொருவருக்கும் சமப்பங்கில் 20, ஆண்டுக்கணக்கில் 15, சரக்களவில் 5. இரண்டாவது அணி, 10 பெரிய உற்பத்தியாளர்கள். பெரும்பாலும் பின்னால் சேர்ந்தவர்கள். இவர்களுக்குச் சரக்களவில் 34, சமப்பங்கில் 20, ஆண்டுக்கணக்கில் 10. மூன்றாவது அணி, ஆரம்பகால உறுப்பினர்கள் 8 பேர்: ஆண்டுக்கணக்கில் 40, சரக்களவில் 25, சமப்பங்கில் 20. எந்த விதியை எடுத்தாலும் கூட்டினால் 600 வருகிறது, சரிபார்த்தேன்.

இனி இரண்டிரண்டாக மோதவிட்டுப் பாருங்கள். சமப்பங்குக்கு எதிராகச் சரக்களவு 18–12 என்று வெல்லும். சரக்களவுக்கு எதிராக ஆண்டுக்கணக்கு 20–10 என்று வெல்லும். ஆண்டுக்கணக்குக்கு எதிராகச் சமப்பங்கு 22–8 என்று வெல்லும். அந்த மூன்றாவது மோதல் உங்கள் கூட்டத்தில் நடக்கவே இல்லை. மனுவில் இருக்கும் 22 கையெழுத்தும் அதுதான். யாரும் பேச்சு மாறவில்லை, யாரும் யாரையும் தூண்டிவிடவில்லை. கூட்டத்தில் கேட்கப்படாத கேள்விக்கு அவர்கள் மறுநாள் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்படி ஒன்றையொன்று வட்டமாக வெல்லும் நிலையை கொந்தோர்சே என்ற பிரெஞ்சுக் கணிதர் 1785-லேயே எழுதிவைத்தார். இதில் ஒரு விபரீதம் உண்டு. மூன்று யோசனைகள் வட்டமாக வெல்லும்போது, கடைசியில் களத்தில் இறக்கப்படுவது எதுவோ அதுவே எப்போதும் ஜெயிக்கும். ஆண்டுக்கணக்கைக் கடைசியில் வைத்தார்கள், ஜெயித்தது. சமப்பங்கைக் கடைசியில் வைத்திருந்தால் அது ஜெயித்திருக்கும். சரக்களவும் அப்படியே. வரிசையைப் போடுபவர் கையில்தான் முடிவு இருந்தது. அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

‘வேறு முறையில் வாக்கெடுத்தால் உண்மை தெரிந்துவிடுமே’ என்று உங்கள் குழுவில் யாராவது கிளம்புவார்கள். அவர்களுக்கும் கணக்கைக் காட்டுங்கள். ஆளுக்கொரு வாக்கு, அதிகம் வாங்கியது வெற்றி என்றால் 12–10–8, சமப்பங்கு. கடைசியாக வந்ததை நீக்கிவிட்டு மறுவாக்கு என்றால் ஆண்டுக்கணக்கு கழிந்துவிடும், அந்த 8 பேர் சரக்களவுக்குப் போவார்கள், 18–12, சரக்களவு. தலைவர் போட்ட வரிசை என்றால் ஆண்டுக்கணக்கு. அதே 30 பேர், அதே விருப்பங்கள், மூன்று முறைகள், மூன்று முடிவுகள். மூன்று முறைகளுமே உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பவை. எதையும் மோசடி என்று சொல்ல முடியாது. மூன்றோ அதற்கு மேலோ யோசனைகள் இருக்கும்போது, நாம் இயல்பாக எதிர்பார்க்கும் எல்லாக் குணங்களையும் ஒருசேரக் கொண்ட வாக்குமுறை இருக்கவே முடியாது என்று கென்னத் ஆரோ என்ற பொருளியலாளர் 1951-ல் நிறுவிவிட்டார். ஆகவே சரியான முறையைத் தேடி அலைவதில் பயனில்லை.

பங்கு பிரிக்கும் விஷயத்தில் சிக்கல் இதைவிட ஆழம். 30 அலகை மூன்று பேர் பெரும்பான்மையால் பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். 10, 10, 10 என்பதுதான் தொடக்கம். முதல் இருவர் சேர்ந்து 15, 15, 0 என்று மாற்றலாம். உடனே மூன்றாமவர் இரண்டாமவரை இழுத்து 0, 18, 12 என்பார்; இருவருக்கும் லாபம். முதலாமவர் மூன்றாமவரிடம் போய் 10, 0, 20 என்பார். மறுபடி இருவருக்கும் லாபம். அப்புறம் முதல் இருவரும் மீண்டும் கூடி 15, 15, 0-க்கே திரும்பிவிடலாம். இதற்கு முடிவே கிடையாது. எந்தப் பங்கீட்டை எடுத்தாலும் அதைக் கவிழ்க்க ஒரு பெரும்பான்மை இருக்கும். தொகையை நேரடியாக வாக்குக்கு விடும் அமைப்புகளில் ஆண்டுதோறும் சண்டை வருவதற்கு ஆட்களின் குணத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். முறை சரியாக இருந்தால் முடிவும் நியாயம் என்பது சில இடங்களில் மட்டுமே பொருந்தும். தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முடிவை அளக்க வேறு அளவுகோலே இல்லாத இடத்தில், உதாரணமாக எல்லோரும் விரும்பிக் கலந்துகொண்ட ஒழுங்கான குலுக்கலில், நடைமுறை நேர்மையாக இருந்தாலே விழுந்த முடிவு நியாயம். நீதிமன்ற விசாரணை அப்படியல்ல. குற்றவாளி யார் என்பது விசாரணைக்கு வெளியே இருக்கும் உண்மை. எல்லா விதியையும் பின்பற்றியும் நிரபராதி தண்டிக்கப்படலாம். உபரிப் பங்கீடு இரண்டாவது வகை. யார் எவ்வளவு சரக்கு கொடுத்தார், யார் எவ்வளவு பணம் போட்டார் என்பதெல்லாம் வாக்கெடுப்புக்கு முன்பே இருக்கும் உண்மைகள். கோரம் இருந்தது, கையெழுத்து இருக்கிறது என்பதால் அவை அழிந்துவிடா.

ஆனால் இதற்கு நேர்மாறாகச் சிலர் சொல்லும் ‘முடிவு நன்றாக இருந்தால் போதும், எப்படி எடுத்தால் என்ன’ என்பதும் தவறு. ஒருவர் தொகையைப் பிரித்துச் சொல்ல, மற்றவர் ஏற்கவோ மறுக்கவோ செய்யும் பரிசோதனையை 1982-ல் வெர்னர் கூத் என்ற பொருளியலாளரும் வேறு இருவரும் செய்தார்கள். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதன் பிறகு பல நாடுகளில் செய்யப்பட்டபோதும், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நீட்டப்பட்டதைப் பலர் கைநஷ்டம் என்று தெரிந்தே உதறினார்கள். அதே சிறிய தொகையை எதிராளி தீர்மானிக்காமல் தற்செயலாக இயந்திரம் எடுத்துக் கொடுத்தபோது, அதை ஏற்கும் மனம் கூடியது. தொகை ஒன்றுதான், அது வந்த வழிதான் வேறு. உங்கள் 22 பேரின் கோபத்தில் ஒரு பாதி 20-க்கும் 15-க்கும் இடையிலான வித்தியாசம் பற்றியது என்றால், மறுபாதி வரிசையை யார் போட்டார் என்பது பற்றியது. பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் மட்டும் அது தணியாது.

ஒரு நடைமுறையை மக்கள் எப்போது நியாயம் என்று ஏற்கிறார்கள் என்பதற்கு உளவியலாளர் ஜெரால்ட் லெவந்தால் 1980-ல் ஆறு அளவைகள் சொன்னார். உங்கள் கூட்டம் எல்லோரையும் ஒரேபோல் நடத்தியது, எல்லோரையும் பேசவிட்டது. சறுக்கியது இரண்டில். முடிவால் பயன்பெறுபவர் வரிசையைப் போட்டார். தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள வழி எதுவும் வைக்கவில்லை. தலைவர் விலகி நின்றிருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். ஆனால் உபரிப் பங்கீட்டில் 30 பேருக்குமே ஆதாயம் இருக்கிறது, யாரை விலக்குவது? அதனால் ஆளை மாற்றுவதைவிட, வரிசையே இல்லாத முறையைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்த ஆண்டுக்கு என்ன செய்யலாம்?

முதல் வேலை, சண்டையில்லாத பகுதியைக் கொடுத்துவிடுவது. ஒவ்வொருவருக்கும் மூன்று விதிகளில் வரும் தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அவற்றில் சிறியதை எடுங்கள். முதல் அணிக்குத் தலா 5, இரண்டாவதுக்கு 10, மூன்றாவதுக்கு 20. மொத்தம் 60, 100, 160, ஆக 320. மூன்று விதிகளில் எது கடைசியில் நின்றாலும் இது அவர்களுக்கு உரியது. இதை உடனே வழங்கத் தனியாக ஒரு தீர்மானம் போடுங்கள். இதை எதிர்க்க யாருக்கும் காரணம் இருக்காது. 600-ல் பாதிக்கு மேல் பட்டுவாடா ஆகிவிட்டால் மீதி 280-ஐப் பற்றிப் பேசும்போது குரல் தானாக இறங்கும். பணம் முழுவதும் முடங்கிக் கிடக்கும்போது நெருக்கடியில் இருப்பவர்தான் முதலில் விட்டுக்கொடுப்பார். அந்த விட்டுக்கொடுத்தலைச் சம்மதம் என்று கணக்கில் எழுதக் கூடாது.

மீதிக்கு நான் பரிந்துரைப்பது, விதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் ஆதரவின் எடைப்படி மூன்றையும் கலப்பது. ரகசிய வாக்குச்சீட்டில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரே விதியைக் குறிக்கட்டும். 12–10–8 என்று வந்தால், தொகையில் முப்பதில் 12 பங்கு சமமாகவும், 10 பங்கு சரக்களவுப்படியும், 8 பங்கு ஆண்டுக்கணக்கின்படியும் பிரியும். முழு 600-க்கும் போட்டுப் பார்த்தால் முதல் அணிக்குத் தலா 13.67, இரண்டாவதுக்கு 22, மூன்றாவதுக்கு 27. ஏற்கெனவே கொடுத்த 5, 10, 20-ஐக் கழித்து மீதியை வழங்கினால் போதும். இந்த முறையில் வரிசை என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு வாக்கும் 20 அலகை ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும், அதற்கு மேல் எதுவும் செய்யாது. அதனால் மனதில் இருப்பதை மாற்றிக் குறித்து யாரும் லாபம் பார்க்கவும் முடியாது.

இதற்கு ஒரு கட்டுப்பாடு அவசியம். வாக்குக்கு வரும் விதி எதுவானாலும் அதில் ஆட்பெயர் இருக்கக் கூடாது. வாக்கெடுப்புக்கு முன்பே பேரேட்டில் இருக்கும் எண்களைக் கொண்டு மட்டுமே கணக்கிடக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தச் சல்லடை இல்லாவிட்டால் ‘இன்னின்ன எட்டுப் பேருக்கு மட்டும்’ என்பதும் ஒரு விதியாக வந்து, தன் எடைக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கலவையைப் பழைய தீர்மானத்தோடு நேருக்கு நேர் வைத்தால் தோற்றுவிடும். சிறு உற்பத்தியாளருக்கு 13.67 என்பது 15-ஐவிடக் குறைவு, ஆரம்பகால உறுப்பினருக்கு 27 என்பது 40-ஐவிடக் குறைவு. 20 பேர் எதிர்ப்பார்கள். மனுவில் கையெழுத்திட்ட அந்த 12 பேர் 20 கிடைக்கும் என்ற எண்ணத்தில் கையெழுத்திட்டவர்கள். அவர்களிடம் 13.67 என்ற எண்ணைக் காட்டாமல் பழைய தீர்மானத்தை ரத்து செய்யவைத்தால், அடுத்த மனு அவர்களிடமிருந்துதான் வரும். ஆகவே ரத்து தீர்மானத்துக்கு முன்பே, ரத்தானால் எந்த முறை நடைமுறைக்கு வரும், அதில் யாருக்கு எவ்வளவு என்ற அட்டவணை எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் பழையதே இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். அப்போது அது தெரிந்து எடுத்த முடிவு. இந்த ஒரு ஆண்டுக்கு அதை நான் ஏற்பேன்.

அடுத்த ஆண்டுக்கான விதியை மட்டும் இப்போதே எழுதிவிடுங்கள், அதுவும் வரும் ஆண்டின் சரக்கு எண்கள் தெரிவதற்கு முன். தனக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்தபின் விதியைப் பேசுபவர் தொகையைத்தான் பேசுவார். 30 பேரும் தங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடியும் என்பது உண்மைதான். இருந்தாலும் விதி ஐந்து ஆண்டுகளுக்கு நீடிக்கும் என்று வைத்தால் ஊகம் மங்கிவிடும். இன்றைய சிறு உற்பத்தியாளர் அதற்குள் பெரியவராகலாம்.

அந்த விதி எப்படி இருக்க வேண்டும் என்பதில் நான் நடுநிலை காட்டப்போவதில்லை. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடை, உறுப்பினர் அங்கே வாங்கிய அளவுக்கேற்ப உபரியைப் பிரித்தது. மூலதனத்துக்கு வரம்புக்குட்பட்ட வட்டி மட்டும் கொடுத்தது. சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1995-ல் வகுத்த ஏழு கோட்பாடுகளில் மூன்றாவது இதையேதான் சொல்கிறது: உபரியில் ஒரு பகுதி காப்பு நிதிக்கு, உறுப்பினருக்கான பகுதி அவரவர் அமைப்போடு செய்த வணிகத்தின் அளவுக்கு, மூலதனத்துக்குக் கொடுப்பதானால் அளவோடு. காரணம் எளிது. உபரி என்பது பெரும்பாலும் உறுப்பினரின் சரக்குக்கு முதலில் குறைத்துக் கொடுத்த விலையின் பாக்கி. யாருடைய சரக்கில் பிடித்தோமோ அவருக்கே திரும்ப வேண்டும்.

ஆண்டுக்கணக்கு எனக்கு உவப்பில்லை. ஆரம்பகால உறுப்பினர்களுக்கு உரிமை இருக்கிறது: யாரும் நம்பாத காலத்தில் பணமும் உழைப்பும் போட்டார்கள். ஆனால் அந்தக் கடனுக்கு ஓர் அளவும் ஒரு முடிவும் உண்டு. போட்ட பணத்துக்கு வட்டி கொடுங்கள். ஊதியமில்லாமல் செய்த வேலையைக் கணக்கிட்டு, இத்தனை தவணை என்று தீர்த்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் பங்கு கொடுத்தால் கடன் தீரவே தீராது. பின்னால் சேரும் ஒவ்வொருவரும் முன்னால் சேர்ந்தவருக்குக் கப்பம் கட்டிக்கொண்டே இருப்பார், கடைசியில் சேர ஆளே வராது.

சரக்களவை விதியாக வைத்தால் சண்டை வாக்குச்சீட்டிலிருந்து தராசுக்கு இடம் மாறும் என்பதையும் இப்போதே எதிர்பாருங்கள். எடையா மதிப்பா? தரம் பிரித்துத் தள்ளிய சரக்கு கணக்கில் சேருமா? ஆண்டுக் கடைசி வாரத்தில் வந்து அடுத்த ஆண்டு விற்ற சரக்கு எந்த ஆண்டில்? திரும்பி வந்த சரக்கை யார் பெயரில் கழிப்பது? என் யோசனை: மதிப்பை எடுங்கள், தரம் தானாக உள்ளே வந்துவிடும். சரக்கு வந்த தேதிதான் கணக்கு, விற்ற தேதி அல்ல. திரும்பி வந்ததை அடையாளம் காண முடிந்தால் உரியவர் பெயரில், முடியாவிட்டால் அந்தத் தொகுப்பில் சரக்கு வைத்த எல்லோர் பெயரிலும் விகிதப்படி கழியுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் இரண்டு கையெழுத்து. ஒரு பிரதி உறுப்பினரிடம். எடை போடுபவரும் பெரிய அளவில் சரக்கு தருபவரும் ஒரே ஆளாக இருந்தால், மற்ற எந்த விதியும் உங்களைக் காப்பாற்றாது.

காப்பு நிதிக்கு எத்தனை சதவீதம் என்பதை இடைநிலை எண்ணால் தீர்மானியுங்கள். ஆளுக்கொரு எண் எழுதிப் போடட்டும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி வேண்டாம். ஐந்து பேர் 10, 15, 20, 30, 40 என்று எழுதினால் இடைநிலை 20, சராசரி 23. நாற்பது எழுதியவர் வீம்புக்கு 100 என்று எழுதினால் சராசரி 35-க்குத் தாவும். இடைநிலை 20-லேயே நிற்கும். மிகைப்படுத்தியவருக்கு எதுவும் கிடைக்காது. உங்களுக்கு 30 பேர் என்பதால் நடுவில் 15-ஆவதும் 16-ஆவதும் என இரண்டு எண்கள் வரும். அவற்றின் சராசரியை எடுக்காதீர்கள், அந்தச் சிறு இடைவெளியிலும் விளையாட்டு நுழையும். 15-ஆவது எண்ணே முடிவு என்று முன்கூட்டி எழுதிவிடுங்கள். ஒரே எண்ணைத் தீர்மானிக்கும் கேள்விகளுக்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்தும். மூன்று பேருக்குத் தொகை பிரிப்பது போன்றவற்றில் இதைப் புகுத்தினால் பழைய வட்டம் திரும்ப வந்துவிடும். முன்னதாக, உங்கள் அமைப்பு பதிவாகியிருக்கும் சட்டம் காப்பு நிதிக்குக் குறைந்த அளவு ஒன்றை நிர்ணயித்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே போகும் எண் எத்தனை பேர் எழுதியிருந்தாலும் செல்லாது.

நடைமுறைக்குச் சில வரிகள். யோசனைகளின் முழு வாசகமும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருக்கும் வரும் தொகையும் கூட்டத்துக்கு 14 நாளுக்கு முன் கைக்குப் போக வேண்டும்; கூட்டத்தில் எழுந்து சொல்லும் புது யோசனை அன்று வாக்குக்கு வராது. முடிவோடு காரணத்தையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள், தோற்ற யோசனை ஏன் தோற்றது என்பது உட்பட. பட்டுவாடாவில் 5 சதவீதத்தை, அதாவது 600-ல் 30-ஐ, நிறுத்திவையுங்கள். 30 நாள் ஆட்சேபக் காலம். ஆட்சேபம் எண் பிழையைப் பற்றியோ விதியைத் தவறாகப் பொருத்தியதைப் பற்றியோ மட்டும் இருக்கலாம், விதியைப் பற்றி அல்ல. திருத்தம் வந்தால் அந்த 30-லிருந்து கொடுத்துவிட்டு மீதியைப் பிரியுங்கள். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று செயலாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைதூக்கி வாக்கெடுப்பதை விட்டுவிடுங்கள். ஓர் உறுப்பினர் இன்னொருவருக்குக் கடன்பட்டிருந்தால் அந்தக் கை சுதந்திரமாக எழாது.

நஷ்டம் வரும் ஆண்டுக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள். மூன்று பேருக்கு 100, 200, 300 பாக்கி, கையில் இருப்பது 300 என்றால், விகிதப்படி 50, 100, 150. பெறுவதைச் சமமாக்கினால் 100, 100, 100. இழப்பைச் சமமாக்கினால் 0, 100, 200. மூன்றையுமே நியாயம் என்று வாதாட முடியும், அதனால்தான் நஷ்டம் வந்த அன்று பேசக் கூடாது. நான் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பேன். காரணம் ரொம்ப உலகியலானது: ஒரே பாக்கியை இரண்டு பெயரில் உடைத்துக் காட்டியோ, இரண்டைச் சேர்த்துக் காட்டியோ கூடுதலாக வாங்க விகிதத்தில் வழியில்லை. மற்ற இரண்டிலும் உண்டு.

இனி குழாய்ப் பாதை. அருகில் இருப்பவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் தந்த எண்கள்படி முதல் பணிக்கூடம் வரை 30 அலகு, அங்கிருந்து இரண்டாவது வரை 60, அங்கிருந்து மூன்றாவது வரை 90, மொத்தம் 180. தலா 60 கேட்டீர்கள். அவர் தனியாகப் போட்டிருந்தாலே 30-தான் ஆகியிருக்கும். கூட்டாகச் சேர்ந்ததால் ஒருவருக்குத் தனிச்செலவைவிடக் கூடினால் அது கூட்டு இல்லை, வசூல். முதல் இருவரை ஒன்றாக வைத்தும் பாருங்கள்: அவர்கள் இருவருக்கும் தனிச்செலவு 90, நீங்கள் கேட்பது 120. செலவுப் பங்கீட்டில் முதலில் பார்க்க வேண்டிய சோதனை இது. எந்த ஆளும், எந்தக் கூட்டணியும், தனித்துப் போயிருந்தால் ஆகக்கூடியதைவிட அதிகம் தரக் கூடாது.

சோதனையில் தேறும் பங்கீடுகள் பல. தனிச்செலவு விகிதப்படி என்றால் 18, 54, 108. துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதைப் பயன்படுத்துவோர் மட்டும் சமமாகப் பகிர்ந்தால் 10, 40, 130: முதல் துண்டு 30-ஐ மூவரும், இரண்டாவது 60-ஐ இருவரும், மூன்றாவது 90-ஐ ஒருவரும். கூட்டாகச் சேர்ந்தவர்களுக்குள் பங்கு பிரிக்கக் கணிதர் லாயிட் ஷாப்லி 1953-ல் சொன்ன பொதுவான சூத்திரத்தை இப்படிப்பட்ட பாதைக்குப் பொருத்தினால் வருவதும் இதே எண்கள்தான். விமான நிலைய ஓடுபாதைச் செலவைச் சிறிய, பெரிய விமானங்களுக்குப் பிரிக்க லிட்டில்சைல்ட், ஓவன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-ல் காட்டிய வழியும் இதுதான்.

நான் துண்டு முறையைச் சொல்வேன், மூன்றாமவர் 130-ஐப் பார்த்து முகம் சுளித்தாலும். தனியாகப் போட்டிருந்தால் அவருக்கு 180, 50 மிச்சம். இதில் எல்லோருக்கும் புரியும் ஒரு காரணம் இருக்கிறது: தண்ணீர் உன் பணிக்கூடத்துக்குப் போகாத துண்டுக்கு நீ தர வேண்டாம். பழுதும் இதேபோல்: இரண்டாவது துண்டில் கசிவு என்றால் இரண்டாமவரும் மூன்றாமவரும் பாதிப் பாதி, முதலாமவர் தர வேண்டியதில்லை. தண்ணீர் எடுக்கும் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறினால், குழாய்ச் செலவை இப்படியும் மோட்டார் இயக்கச் செலவை மீட்டர்படியும் பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பின்னால் நான்காவது ஒருவர் சேர்ந்தால் என்ன என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர் இரண்டாவது பணிக்கூடத்துக்குப் பக்கத்தில் இணைகிறார் என்றால், முதல் துண்டு நால்வருக்கு, இரண்டாவது மூவருக்கு. பங்குகள் 7.5, 27.5, 117.5, புதியவருக்கு 27.5. அவர் தரும் 27.5 பொது நிதிக்குப் போகக் கூடாது, முதலாமவருக்கு 2.5, மற்ற இருவருக்கும் தலா 12.5 என்று திரும்ப வேண்டும். குழாய்க்குத் தேய்மானம் கழிக்கிறீர்கள் என்றால், அவர் சேரும் அன்றைக்கு மிஞ்சியிருக்கும் மதிப்பில் இந்த விகிதத்தைப் போடுங்கள்.